பூஜ்ய நாளில் திறந்த வால்வு

1

இந்தக் கதை கிடைத்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொல்லங்கோட்டிலிருந்து முதலமடைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோது, மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு டேங்கர் லாரி நிற்பதைப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீர் லாரி என்றார். தண்ணீர் லாரியேதான். அதில் மீத்தேனை ஏற்றியது நான். ஆகவே அப்படியொரு சோதனை அங்கே நடந்ததா என்று யாரும் விசாரித்துக்கொண்டு போக வேண்டாம்.

2

முதல் வாக்கியமாக எழுதிப் பார்த்தவை:

மாம்பூ வாசத்தோடு மீத்தேனும் கலந்து வீசிய அந்த மத்தியானத்தில்— (மீத்தேனுக்கு வாசமில்லை. அடித்தாயிற்று.)

செயற்கைக்கோள் என்பது வானத்தின் கண். அந்தக் கண்— (பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில் இப்படி எழுதி மூன்றாம் பரிசு வாங்கியிருக்கிறேன். போதும்.)

நேராகவே சொல்கிறேன். மீத்தேன் கசிவை மேலேயிருந்து அளக்கிற செயற்கைக்கோள் ஒன்று. அது சொல்லும் கணக்கு சரிதானா என்று பார்க்க வேண்டும். தரிசில் ஒரு டேங்கரை நிறுத்தி, செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும் நேரத்தில் மீட்டர் வைத்து வாயுவைத் திறந்துவிட வேண்டியது. எவ்வளவு விட்டோம் என்று செயற்கைக்கோள்காரர்களிடம் மூச்சு விடக் கூடாது. அவர்கள் தங்கள் கணிப்பை அனுப்பிய பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும்.*

* இடையில் ஒரு நாள் ஒன்றுமே விடாமல் இருப்பார்கள், இல்லாததை இருப்பதாகச் சொல்கிறதா என்று பார்க்க. நம் கதை அந்த பூஜ்ய நாளில்தான் இருக்கிறது.

3

சோதனைக்குப் பொறுப்பாளர் பத்மப்ரியா, கல்பாத்திக்காரி. பூஜ்ய நாள் எது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். [முதலில் இவளுக்கு ஒரு காதலனை வைத்திருந்தேன். செயற்கைக்கோள் கம்பெனியில் வேலை. அளவைக் கேட்டு நச்சரிப்பான். கதை எங்கும் நகரவில்லை. அவனை அனுப்பிவிட்டேன்.]

அவனுடைய இடத்துக்கு வந்தவர் குப்பண்ணன். நிலத்துக்காரர், டேங்கருக்குக் காவலும் அவரே. பூ உதிர்ந்தால் யார் பொறுப்பு என்று முதல் நாள் சண்டைக்கு வந்தவர், இரண்டாம் வாரம் அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பூஜ்ய நாளில் அவள் டேங்கர் பக்கமே போகவில்லை. ஜீப்பில் உட்கார்ந்து போன் பேசுவதுபோல் பாவனை செய்தாள்.

பின்னர் கணிப்புகள் வந்தன. மற்ற நாட்களுக்கெல்லாம் கிட்டத்தட்டச் சரி. பூஜ்ய நாளுக்கு மட்டும், மணிக்கு இருநூற்று நாற்பது கிலோ.

இல்லாததைப் பார்க்கிற கருவி என்று அறிக்கை போனால் தீர்ந்தது. நாளைக்கு எந்த ஆலையின் கசிவை அது காட்டினாலும், ஆலைக்காரன் பத்மப்ரியா கையெழுத்திட்ட அந்த அறிக்கையைத்தான் எடுத்து நீட்டுவான். அன்றைக்கு நாம் ஒன்றும் விடவில்லை, அதற்கு மட்டும் வாயு தெரிந்ததாம் என்று குப்பண்ணனிடம் சொல்லிச் சிரித்தாள். எண்ணைச் சொல்லவில்லை, சொல்லாமலிருந்தே பழகிவிட்டது.

அவர் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு நாந்தானுங்க தொறந்தேன். பொறகால இருக்கற சின்ன வால்வு."

"என்னத்துக்கு?"

"மறந்துட்டீங்கன்னு நெனச்சேனுங்க. அது அத்தன தூரம் வந்து பாத்துட்டு, ஒண்ணுமில்லீன்னு போய்ச் சொல்லிப்போட்டா அம்மிணி வேலைக்கு ஆவாதில்லீங்களா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ?"

"போன் பேசறவங்களப் போய் எடஞ்சல் பண்றதுங்களா?"

அந்தச் சின்ன வால்வுக்கு மீட்டர் கிடையாது. அன்று எவ்வளவு போனது என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி, எதைச் சோதிக்க வந்தார்களோ அந்தச் செயற்கைக்கோள்.

4

சுலபமான முடிவு: அவள் வாயை மூடிக்கொண்டு அறிக்கையை அனுப்புகிறாள். எழுதிப் பார்த்தேன். பேனா ஓடியது, பத்மப்ரியா அதோடு வரவில்லை.

இன்னொன்று: அந்த நாளையே கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறாள். அதற்குப் பின் அது பூஜ்ய நாள் இல்லாத சோதனை. இன்னொரு பூஜ்ய நாள் வைக்கலாமென்றால் டேங்கரோ நாளை போய்விடும். இதுவும் உதவாது.

அவள் செய்தது இதுதான். மீட்டரைக் கழற்றிக் கொண்டுவந்து சின்ன வால்வில் மாட்டினாள். அன்றைக்குத் திறந்தது போலவே திறக்கச் சொன்னாள். இருநூற்று நாற்பதை ஒட்டி வந்தால் செயற்கைக்கோள் பார்த்தது மெய். ஐம்பதோ அறுபதோ வந்தால், செயற்கைக்கோளை யாரும் நம்ப வேண்டியதில்லை.

குப்பண்ணன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வால்வைப் பிடித்தார். பிடித்தவர் திரும்பிப் பார்த்தார்.

"எத்தன வந்தா அம்மிணிக்கு நல்லதுங்க?"

5

அவளுக்குப் பதில் தெரியும். சொன்னால், அந்த எண் வரும்வரை திருப்புவார், அவ்வளவு பிரியம். சொல்லப்படாது என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் முகத்தை மாமரங்கள் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இனி வால்வை நான் திருப்பவேண்டும். மாட்டேன். அந்த எண் எனக்குத் தெரியும். என் கை அங்கேதான் போய் நிற்கும். உங்களிடமும் கொடுப்பதற்கில்லை. நீங்களும் படித்துவிட்டீர்கள்.

வீட்டில் இதைப் படிக்காதவர் யாராவது இருப்பார். அவரிடம் கதையைச் சொல்லுங்கள், எண்ணை விட்டுவிட்டு. குப்பண்ணனாக நின்று வால்வைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அவர் கை எங்கே நிற்கிறதோ அதுவே முடிவு. நடுவில் உங்கள் முகத்தைப் பார்ப்பார். பார்க்க விடாதீர்கள்.