திருமுக்கூடலில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

முதல் மரபு நடை தோற்றுப்போனதற்கு மதனவதி வெயிலைத்தான் காரணம் சொன்னாள். காலை ஒன்பதரைக்கே பாலாற்று மணல் சுட்டது.

அவள் கல்வெட்டியல் படித்தவள். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஆட்களை அழைத்துப்போய் விளக்கம் சொல்லும் ஒரு சிறிய அமைப்பில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. திருமுக்கூடல் நடையை அவளே திட்டமிட்டாள். பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் நீண்ட சோழர் காலக் கல்வெட்டை வரிவரியாகச் சொல்ல ஐம்பது நிமிடம். வந்தவர்கள் இருபத்து நான்கு பேர். பேசி முடித்துத் திரும்பியபோது ஐந்து பேர்தான் நின்றிருந்தார்கள்.

மற்றவர்களைத் தேடிப்போன சத்யராஜ் ஆற்றங்கரையிலிருந்து போன் செய்தான். அவளோடு வேலை பார்ப்பவன்; வேன், தண்ணீர், சாப்பாடு எல்லாம் அவன் பொறுப்பு.

"எல்லாரும் இங்கதான் கால நனைச்சிக்கினு இருக்காங்க மதனா."

"நான் பேசறது அவ்ளோ போரா?"

"அப்டி இல்லபா. மூணு ஆறு சேர்ற எடம்னு சொல்லித்தானே கூட்டிக்கினு வந்தோம்? ஆத்தப் பாக்கறாங்க."

அவளுக்கு அழுகை முட்டியது.

அடுத்த ஞாயிறு நடை வேண்டாம் என்றான் சத்யராஜ். யாரையும் அழைக்காமல் இருவரும் கோயில் வாசலில் உட்கார்ந்தார்கள். தானாக வருகிறவர்களிடம் இரண்டே கேள்வி: எதற்கு வந்தீர்கள், இங்கே என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்களை எழுத எழுத மதனவதிக்கு எரிச்சல்தான் வந்தது. இதில் பாலாறு எது, செய்யாறு எது? குழந்தையை இறக்கலாமா, ஆழமா? பாத்ரூம் எங்கே? திதி கொடுக்க வந்தோம், ஐயர் எப்போது வருவார்? கல்வெட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு சம்பூர்ணம் என்ற பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும், நர்ஸ். முட்டி வலிக்கிற கணவரை நிழலில் உட்கார வைத்துவிட்டு, "இங்க என்னமோ பழைய ஆஸ்பத்திரி இருந்துச்சாமே, நெஜமாம்மா?" என்றார்.

"ஆமாக்கா. அந்தச் சுவத்துலயே எழுதியிருக்குது. பதினஞ்சு படுக்கை. ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருத்தர், நோயாளிங்கள கவனிக்க ரெண்டு பொம்பளைங்க."

"பதினஞ்சுக்கு ரெண்டு பேரா? பரவால்லியே! நைட்டு டூட்டி?"

மதனவதி கல்வெட்டு வரிகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எட்டு முறை படித்த கல்வெட்டு. இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு என்று ஒரு வரி உண்டு. எண்ணெய்க் கணக்கு என்று நினைத்து அதை எப்போதும் வேகமாகக் கடந்துவிடுவாள்.

"டூட்டி பத்தி இல்லக்கா. ஆனா ராத்திரி முழுக்க ஒரு வெளக்கு எரியணும்னு இருக்குது."

"பின்ன? வெளிச்சம் இல்லாம நோயாளிய எப்டிப் பாக்கறது?" என்றவர், "எந்த எடத்துல இருக்குது, காட்டு" என்று எழுந்தார்.

கணவரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். மதனவதி விரலால் வரியைக் காட்டிப் படித்தாள். சம்பூர்ணம் திரும்பச் சொல்லச் சொன்னார்.

மூன்றாவது ஞாயிறு நடையை ஏழு மணிக்கே தொடங்கினார்கள். முதலில் ஆறு. எந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் சும்மா விட்டாள். பிறகு கோயில் நிழலில் சத்யராஜ் ஜமக்காளம் விரித்தான். வயதானவர்களுக்கு நாற்காலி போட்டான். அவள் ஆஸ்பத்திரிப் பகுதியை மட்டும் இருபது நிமிடம் பேசினாள். வந்த பத்தொன்பது பேரும் இருந்தார்கள். ஒரு குழந்தை தூங்கிவிட்டது.

எல்லோரும் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, ஏனாத்தூரிலிருந்து வந்திருந்த ஜான்சன் என்ற கல்லூரி மாணவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"மேடம், மீதி கல்வெட்டுல என்ன இருக்குது?"

"நெறைய இருக்குதுபா. ஒரு மணி நேரம் ஆகும்."

"எனக்கு ஓகே மேடம்."

மதனவதி சத்யராஜைப் பார்த்தாள். அவன் மணியைப் பார்த்துவிட்டு, "வேன் பத்துக்குத்தான் கெளம்பும், போ" என்றான். இட்லியை அப்படியே மூடி வைத்துவிட்டு அவள் சுவரின் முதல் வரிக்குப் போனாள்.