பிறைக்கு ஒரு பட்டன்

நோன்பு மாதம் முழுக்க நர்ஸ் மப்ரூக்காவுக்கு இதே வேலை. துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் அச்சடிக்கும் மருந்துச் சீட்டில் ‘மதியம் ஒரு மணி’ என்றிருப்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, ‘நோன்பு திறந்ததும்’ என்று எழுத வேண்டும். எதிரே சர்க்கரை நோயாளிகளின் வரிசை வாசல்வரை நின்றது.

"ஏம்மா நஜ்லா, ஊரே நோன்பு. உன் மெஷின் மட்டும் மதியம் ஒரு மணிக்கு உக்காந்து சாப்பிடுது."

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நஜ்லா சிரித்தாள். "இது யாரும் விலைக்கு வித்தது இல்லக்கா. ஓப்பன் சோர்ஸ். யார் வேணும்னாலும் திருத்தி அனுப்பலாம். நான் எழுதுறேன்."

"எழுதுறதுன்னா ஒண்ணு கேட்டுக்க. தேதிய அது கணக்குப் போடக் கூடாது. முஃப்தி டிவியில பிறைய சொன்னப்புறம் நான் ஒரு பட்டன அமுக்குவேன். அப்பதான் மாறணும்."

நஜ்லாவுக்கும் அதில் ஒரு காரியம் இருந்தது. அவளுடைய ஒப்பந்தம் அடுத்த நோன்போடு முடிகிறது. தலைநகர் துனிஸில் ஒரு கம்பெனி, அந்த மென்பொருளில் அவள் வேலை ஏற்கப்பட்டால் நேராக வந்து சேரலாம் என்று சொல்லியிருந்தது.

அந்த மென்பொருள் திட்டத்தின் விதிப்படி முதலில் யோசனையை எழுதிப் போட வேண்டும். எல்லோரும் பேசி முடித்தபிறகுதான் நிரல். நஜ்லா பெருநாள் முடிந்த வாரமே எழுதினாள். பொறுப்பாளர் லென்னார்ட் மரியாதையாகவே பதில் போட்டார். பட்டன் எதற்கு, தேதியைக் கணக்கிட முடியாதா? முடியாது, பிறை பார்க்க வேண்டும் என்று அவள் விளக்கினாள். நிரலை அனுப்பினால், மூன்றாகப் பிரிக்கச் சொன்னார். பிரித்தாள். நிரலைச் சரிபார்க்கும் சோதனைகள் எழுதச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் தின்று அதையும் எழுதினாள். பிறகு நான்கு மாதம் சத்தமே இல்லை.

மறு வருடம், நோன்புக்கு முந்தைய ஷஅபான் மாதம் இருபத்தைந்தாம் நாள் புதிய பதிப்பு வந்தது. ‘புதிது: நோன்புக்கால மருந்து அட்டவணை. ஆக்கம்: லென்னார்ட்.’ பட்டன் இல்லை, தேதியைக் கணக்கிட்டு அதுவே மாறிக்கொள்ளுமாம். நஜ்லாவின் யோசனைக்குக் கீழே ஒரு வரி இருந்தது: ‘இது வேறு வழியில் முடிந்துவிட்டதால் மூடுகிறோம். ஆர்வத்துக்கு நன்றி.’ துனிஸ் கம்பெனிக்குச் சுட்டியை அனுப்பிப் பார்த்தாள். ‘இதில் உங்கள் பெயர் இல்லையே’ என்று பதில் வந்தது.

மேலிடத்து உத்தரவுப்படி புதிய பதிப்பை அவள்தான் ஏற்றினாள்.

புதன்கிழமை மாலை பிறை தெரியவில்லை, நோன்பு வெள்ளிக்கிழமைதான் என்று முஃப்தி அறிவித்தார். வியாழன் காலை மப்ரூக்காவின் குரல் நடைபாதைவரை கேட்டது.

"யா ரப்பி! மதிய மாத்திரையே சீட்டுல இல்ல! இன்னிக்கி யாருடி நோன்பு? எல்லாரும் வீட்டுக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிடுவாங்க!"

"எத்தனை பேர் போயிட்டாங்கக்கா?"

"ஆறு பேர்."

மதிய மாத்திரையைப் போடச் சொல்லி நஜ்லா ஆறு வீட்டுக்கும் போன் போட்டாள். ஐந்து பேர் எடுத்தார்கள். ஆறாவது கிழவர் ஹெதி, வழக்கம்போல் எடுக்கவில்லை. வாட்ச்மேனை மோட்டார்சைக்கிளில் அனுப்பினார்கள். கிழவர் அப்போதுதான் குஸ்குஸ் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாராம்.

"நாளைக்கு நோன்பு, சீட்டு சரியாயிடும். ஆனா பெருநாள் பிறைக்கும் இதே கூத்துதான்" என்றாள் மப்ரூக்கா. "அந்த ஆளுக்கு எழுது. நம்ம பட்டன அனுப்பு."

"எனக்கு எதுக்குக்கா? ஒப்பந்தமும் முடியப்போகுது."

"எனக்காக அனுப்பு. உனக்கப்புறம் யார் எழுதுவா?"

அங்கேயே உட்கார்ந்து, பழைய வேலையிலிருந்து பட்டனை மட்டும் பிரித்தெடுத்து, சோதனைகளோடு, விதிப்படியே நஜ்லா அனுப்பினாள். இதுவரை வேலை ஏதும் ஏற்கப்படாதவர்களுக்குத் தானாகவே போகும் பதில் உடனே வந்தது. அதன் ஓரத்தில் கையசைக்கும் ஒரு படம்.

‘நல்வரவு! எங்களுக்கு இது உங்கள் முதல் பங்களிப்பு போலிருக்கிறது. நிரல் அனுப்பும் முன் உங்கள் யோசனையை எழுதிப் போடுங்கள்.’

"என்ன சொல்றான்?" என்றாள் ஆங்கிலம் தெரியாத மப்ரூக்கா.

"வாங்கங்கிறான்."

மப்ரூக்கா அடுத்த சீட்டை இழுத்து, பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, ‘நோன்பு திறந்ததும்’ என்றிருந்ததை அடித்துவிட்டு, ‘மதியம் ஒரு மணி’ என்று எழுதினாள்.