செவலையின் இடது கண்ணுக்கு ஊற்றிய மருந்து

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது என் கற்பனையில் உதித்ததல்ல. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கால்நடை டாக்டர் சொன்னது. அவருக்குப் பாக்கியநாதன் என்று பெயர் வைத்திருக்கிறேன். கேட்டு முடித்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் என்று தெரியாத எரிச்சல். அதனால்தான் எழுதுகிறேன்.

2

பனி மூடிய சரிவெங்கும் காப்பிப் பூக்கள் வெள்ளை வெளேரென்று...

(சே! நாய்க்குக் கண் போகிற கதையில் காப்பிப் பூவுக்கு என்ன வேலை?)

1986. ஏற்காடு மலையில், வாழவந்திப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவள் கிருஷ்ணம்மாள். அவளோடு இருக்கும் ஜீவன் செவலை என்கிற நாய் ஒன்றுதான். அவள் கண்ணில் புரை முற்றி, பழம் எது காய் எது என்று தெரியாமல் கைக்கு வந்ததையெல்லாம் உருவி, கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டரிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கண் முகாமில் ஆபரேஷன் செய்து, சோடாபுட்டிக் கண்ணாடியும் ஒரு சொட்டு மருந்துச் சீசாவும் கொடுத்து அனுப்பினார்கள். கண் கட்டை அவிழ்த்ததும் அவள் முதலில் பார்த்தது செவலையின் முகத்தை.

(முகாமுக்குள் நாயை விடுவார்களா? விட மாட்டார்கள். நான் சேர்த்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.)

3

அந்த வாரமே ஒரு பூனை செவலையின் இடது கண்ணில் நகத்தைப் போட்டுவிட்டது. நீர் கொட்டியது. இமையைத் திறப்பேனா என்றது.

கிருஷ்ணம்மாள் யோசிக்கவே இல்லை. காலையில் செவலைக்கு, இரவில் தனக்கு என்று மருந்தைப் பங்கு போட்டாள். இரண்டு நாளில் தன் பங்கையும் அதற்கே கொடுத்துவிட்டாள்.

"கம்முனு இரு சாமி. எனக்கே கண்ணு குடுத்த மருந்து, உனக்குக் குடுக்காதா?"*

* ஆபரேஷன் செய்த கண் வீங்காமலிருக்கக் கொடுக்கும் அந்த மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது. கருவிழியில் கீறல் உள்ள கண்ணில் விட்டால் புண் ஆறாது, விழியையே அரித்துவிடும். நாய்க்கு ஊற்றாதே என்று சீசாவில் யார் எழுதப்போகிறார்கள்? நான் யாரைத் திட்டுவது, சொல்லுங்கள்.

4

இங்கே கதையை மாற்ற எனக்கு அதிகாரம் இருக்கிறது. மாற்றியும் பார்த்தேன். மறுநாள் செவலை கண்ணைத் திறந்து, வாலை ஆட்டிக்கொண்டு...

பொய் பல்லிளித்தது. அடித்துவிட்டேன்.

5

நாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஒண்டிக்கடை மாட்டாஸ்பத்திரி வரை நடந்தே வந்தாள். பாக்கியநாதன் டார்ச் அடித்துப் பார்த்தார். கருவிழி ஓட்டையாகியிருந்தது.

"கண்ணை எடுத்துத்தான் ஆவோணுங்கம்மா. விட்டா உசுருக்கே ஆபத்து. என்ன ஊத்துனீங்க?"

மடியிலிருந்து சீசாவை எடுத்து நீட்டினாள். எழுத்தைப் படித்துவிட்டு அவர் நிமிர்ந்தால், கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய ஆபரேஷன் கண்ணும் ரத்தமாய்ச் சிவந்திருந்தது.

"உங்க கண்ணுக்கு ஊத்தலீங்களா?"

"எனக்குத்தான் பார்வை வந்திருச்சுங்களே. மொத ரெண்டு நாளு மட்டும் ஊத்திக்கிட்டனுங்க." செவலையின் தலையைத் தடவினாள். "ஏனுங்க டாக்டரு, அதையும் இதுக்கே ஊத்தியிருந்தா கண்ணு பொழச்சிருக்குமுங்களா?"

6

ஆமாம் என்றால், தன் கண்ணுக்கு ஊற்றிக்கொண்டதற்காகச் சாகும்வரை அழுவாள். உண்மையைச் சொன்னால், நாய்க்கு ஊற்றியதற்காக அழுவாள். 'பூனை நகம்மா, எந்த மருந்தும் கேட்காது' என்று சமாளிக்கலாம் என்கிறீர்களா? நல்ல மனசு உங்களுக்கு. அடுத்த நாய்க்கும் அவள் இதே மருந்தைத்தான் தேடுவாள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அவள் இப்போது உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள், நாய் வலியில் முனகுகிறது.