இஞ்சி மிட்டாயும் மூன்றாம் பாகமும்

என் தொழில் கத்துவது. சம்பளம் மட்டும், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்கு என்று சொல்லித் தருகிறார்கள். சுங்கை பட்டாணியைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் இன்று கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கி லைசென்ஸ் எடுத்தவர்கள். சாலையில் என்னைப் பார்த்தால் கையசைப்பார்கள். வண்டியை மட்டும் நிறுத்தமாட்டார்கள்.

என் மனைவி மேனகாவுக்கு லைசென்ஸ் கிடையாது. கல்யாணமான புதிதில், நானே சொல்லித்தருகிறேன் என்று அவளைப் பயிற்சித் திடலுக்கு அழைத்துப்போனேன். இரண்டாவது கியரிலேயே கதவைத் திறந்து இறங்கியவள், பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள். அதன்பிறகு அவள் ஸ்டீரிங்கைத் தொட்டதில்லை.

இப்பேர்ப்பட்ட நான்தான் நற்செய்தி அறிவிக்கும் பயிற்சியில் சேர்ந்தேன். "யாரெல்லாம் வர்றீங்க?" என்று போதகர் இளங்குமரன் கேட்ட நேரம், மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கச் சொல்வதற்காக நான் கையைத் தூக்கியிருந்தேன். "தேவதாசன் அண்ணே! ஸ்தோத்திரம்!" என்று சபையே கைதட்டியது. தூக்கிய கையை எப்படி இறக்குவது?

எங்கள் சபை ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் கீழே டயர் கழற்றும் சத்தத்துக்கு நடுவே பயிற்சி நடக்கும். முதல் பாடம், சாட்சி சொல்வது. அதற்கு மூன்று பாகம் உண்டு என்றார் போதகர்: ஆண்டவரை அறியுமுன் நான், அவரை அறிந்த வேளை, அறிந்தபின் நான்.

முதல் பாகத்திலேயே நான் மாட்டிக்கொண்டேன். மற்றவர்களுக்குக் குடி, சண்டை, லாக்கப் என்று சொல்வதற்கு ஏராளம் இருந்தது. நானோ நடை பழகுமுன்பே கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆட்டுக்குட்டியாகத் தவழ்ந்தவன்.

இரண்டாம் பாகம் என்னிடம் இருந்தது. அப்பா இறந்த வருடம், யான் என்ற ஊரில் நடந்த வாலிபர் முகாமுக்குப் போயிருந்தேன். யாருக்கும் தெரியாமல் வயல்வரப்பில் நின்று அழுதுகொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்பது எனக்கு முதன்முறையாகத் தெரிந்தது. அம்மா சொல்லித் தெரிந்ததல்ல, எனக்கே தெரிந்தது. இதைச் சொல்லும்போது மட்டும் நான் ஜோக் அடிப்பதில்லை.

மூன்றாம் பாகத்துக்கு, "ஆண்டவர் எனக்குப் பொறுமையைக் கொடுத்தார்" என்று வைத்துக்கொண்டேன். கேட்க நன்றாக இருந்தது.

வீட்டில் மேனகாவை உட்காரவைத்துச் சொல்லிப் பார்த்தேன். வயல்வரப்பு வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாம் பாகம் வந்ததும் சிரித்தாள். புரையேறி, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

"மொத ரெண்டும் நல்லாருக்குங்க. மூணாவது யாரோடது?"

பயிற்சி முடிவதற்குள் சபைக்கு வெளியே ஒரே ஒருவரிடமாவது சாட்சி சொல்ல வேண்டும். "வம்புக்கு இழுக்காதீங்க. அவங்களுக்குக் கேக்கணும்னு தோணணும்," என்றார் போதகர். எனக்குக் கவலையில்லை. கேட்பவரை சீட் பெல்ட் போட்டுக் கட்டிவைத்திருக்கும் ஊழியக்காரன் வேறு யார்?

நான் தேர்ந்தெடுத்தது, என்னிடம் கார் பழகும் உமாராணியை. புக்கிட் செலம்பாவில் முறுக்கு சுட்டு, திகாம் பத்து ஊர் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறவள். குழி விழுந்த ரோட்டில் மோட்டார் குலுங்கினால் முறுக்கில் கால்வாசி நொறுங்கிவிடும். அந்த நொறுங்கல்தான் வாராவாரம் எனக்கு வரும். அவளுடைய தம்பியின் பழைய காஞ்சில் கார் வீட்டில் சும்மா நிற்கிறது. லைசென்ஸ் கிடைத்தால் இந்தத் தீபாவளிக்கு அலோர் ஸ்டார் கடைகளுக்கும் சேர்த்துச் சுடலாம், அவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆனால் ஜேபிஜேயின் லைசென்ஸ் சோதனையில் ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றிருந்தாள். இரண்டு தடவையும் மேட்டில்தான். சரிவில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விட்டு, பின்னால் உருளாமல் ஏற வேண்டும். அவள் உருண்டாள். அடுத்த சோதனை தீபாவளிக்குச் சற்று முன்பு. அதிலும் தோற்றால் பிறகு பண்டிகை முடிந்துதான்.

பயிற்சித் திடலின் மேட்டுக்குப் போகும் வழியில் ஆரம்பித்தேன். ஆட்டுக்குட்டியைச் சொன்னேன், வயல்வரப்பைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே வந்து மேட்டில் நிறுத்தினாள். "அன்னிலருந்து ஆண்டவர் எனக்குப் பொறுமையைக் கொடு..."

கார் பின்னால் உருண்டது.

"கிளட்ச்! கிளட்ச்சும்மா! கால எங்க வெச்சிருக்கீங்க, வீட்லயா?" ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். பக்கத்துப் பாதையில் பழகிக்கொண்டிருந்த பையனும் பயத்தில் பிரேக் போட்டான்.

உமாராணி இன்ஜினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அந்தப் பொறுமைய எங்க வெச்சிருக்கீங்க? டேஷ்போர்டுக்குள்ளயா?"

டேஷ்போர்டைத் திறந்தா காட்ட முடியும்?

அடுத்த சனிக்கிழமைப் பாடம், கேட்பது. ஒரு கேள்வி கேள், பிறகு வாயை மூடு, அவ்வளவுதான். வகுப்பில் எனக்கு வாய்த்த ஜோடியிடம் நான் ஒரு கேள்வி கேட்டு, அதற்கு நானே பதிலும் சொல்லி, அந்தப் பதிலுக்கு ஒரு ஜோக்கும் அடித்தேன். போதகர் என் தோளைத் தொட்டு, "அண்ணே, இன்னொரு வாட்டி" என்றார். என்னைவிடச் சின்னவர், இருந்தாலும் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. அவரிடம் கார் பழகியிருந்தால் எல்லாரும் முதல் தடவையே பாஸாகியிருப்பார்கள்.

அந்த வாரம் மேட்டுக்குக் கீழேயே காரை நிறுத்தச் சொன்னேன்.

"உமா, ஒண்ணு கேக்குறேன். மத்த எடத்துல நல்லாத்தான் ஓட்டுறீங்க. மேட்டுல மட்டும் ஏன் கால எடுத்துடுறீங்க?"

கேட்டுவிட்டு வாயை மூடினேன். ஜோக்குகள் ஒவ்வொன்றாக வந்து பல்லில் இடித்துத் திரும்பின. அவள் ஸ்டீரிங்கைத் துடைத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள். பிறகுதான் சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. கத்துறதுக்கு முன்ன நீங்க ஒரு மூச்சு இழுப்பீங்க. பெருசா. அது கேட்டுச்சுன்னா எனக்கு கால் தானா தூக்கிக்கும்லா. சோதனை அன்னிக்கு நீங்க காடியில இல்ல. இருந்தாலும் மேட்டுல நின்னா அந்த மூச்சு எனக்குக் கேக்குது."

நான் காருக்குள் இல்லாதபோதும் என் மூச்சு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. வயல்வரப்பில் என் பக்கத்தில் இருந்தவர் எப்படி இருந்தார், நான் இவள் பக்கத்தில் எப்படி இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் மேனகாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அந்த மூச்சா? நான் பஸ் ஏறுனது எதுக்குன்னு நெனச்சீங்க?"

மறுநாள் மருந்துக் கடையில் இஞ்சி மிட்டாய் வாங்கினேன். வாயில் போட்டால் கன்னம் புடைக்கும், நாக்கு எரியும், கத்த முடியாது. மேட்டுக்கு வரும்போதெல்லாம் ஒன்று போட்டுக்கொண்டேன். கூடவே மனதுக்குள் ஜெபம்: ஆண்டவரே, இந்த மிட்டாய் கரைவதற்குள் இவளை மேலே ஏற்றிவிடும். முதல் நாள் கார் உருண்டது. நான் மிட்டாயைக் கடித்தேன். கடவாய்ப்பல் ஒன்று ஆடியது.

"மறுபடி போலாம்மா," என்றேன்.

உமாராணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒடம்புக்கு ஏதும் பண்ணுதாண்ணே?"

அதற்கடுத்த வாரம் ஏறினாள். பிறகு உருண்டாள், பிறகு ஏறினாள். மிட்டாய் மறந்துபோன ஒரு நாள் நான் கத்தியும்விட்டேன். உடனே மன்னிப்புக் கேட்டேன். காருக்குள் நான் மன்னிப்புக் கேட்டது அதுவே முதல்முறை. கேட்பவளுக்கும் புதிது, என்ன செய்வதென்று தெரியாமல் வைப்பரைப் போட்டுவிட்டாள்.

சோதனை நாள். நான் வேலிக்கு வெளியே நின்றேன். உமாராணி தனியாக மேடேறி, கோட்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். கார் அப்படியே நின்றது. பிறகு மெல்ல நடுங்கியது. அத்தனை தூரத்தில் நிற்கிறேன், என் நெஞ்சு தானாக ஒரு பெரிய மூச்சை இழுத்துவிட்டது. பிடித்துக்கொண்டேன். ஊதுபத்திப் புகை மாதிரி அதை மெதுவாக, சத்தமில்லாமல் வெளியே விட்டேன். கார் உருளவில்லை. மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. வேலியைப் பிடித்தபடி நான் குதித்ததில் பக்கத்தில் நின்ற இன்னொரு பயிற்சியாளரான மலாய்க்கார சிக்குவின் தேநீர் கொட்டியது.

ரோட்டுச் சோதனையிலும் தேறி, உமாராணி சிரித்துக்கொண்டே வந்தாள். பையிலிருந்து ஒரு முறுக்கு டின்னை எடுத்துக் கொடுத்தாள். திறந்து பார்த்தேன். ஒன்றுகூட உடையவில்லை.

"காலைல தம்பி காடியில கொண்டாந்து விட்டான், அதான் முழுசா இருக்கு," என்றவள், பெஞ்சில் உட்கார்ந்தாள். "அவன் வர்றதுக்கு நேரமாவும். அன்னிக்கு பாதில விட்டீங்களே, அதச் சொல்லுங்கண்ணே."

மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிருந்தது. வயல்வரப்பை மறுபடியும் சொன்னேன். "பக்கத்துல ஒருத்தர் இருந்தார்மா. கத்தாம இருந்தார். நானும் அப்பிடி இருக்கணும்னு ஆச. அவர்தான் சொல்லிக்குடுத்துட்டு இருக்கார். மேட்டுல இன்னும் உருளுறேன்."

அவள் சிரிக்கவில்லை. "நான் எங்க அம்மனக் கும்புடுறவ, அண்ணே. ஆனா இது நல்லாருக்கு. தீபாவளிக்கு அக்காவையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க. எங்கம்மாவுக்கும் சொல்லுங்க. அந்த மூச்சு இழுக்குற கதையும் சேத்து."

சனிக்கிழமை வகுப்பில் இதைச் சொன்னேன். "அவங்க மனசு மாறுனாங்களா?" என்று ஒருவர் கேட்டார். போதகர் முறுக்கைக் கடித்தபடி, "ஒருத்தர் மாறிட்டு இருக்கார்லா," என்றார். கீழே டயர் கடைக்காரர்களுக்கும் டின் போய்வந்தது.

வீடு திரும்பும்போது, பயிற்சித் திடலின் வாசல் வரும் இடத்தில், அன்று வகுப்புக்கு என்னோடு வந்திருந்த மேனகா என் கையைத் தட்டினாள்.

"கொஞ்சம் உள்ள விடுங்க."

உள்ளே யாருமில்லை. மேடு வெயில் தாழ்ந்து மஞ்சளாகக் கிடந்தது. அவள் இறங்கினாள். எனக்கு பஸ் ஞாபகம் வந்தது. காரைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தவள், கதவைத் திறந்து நின்றாள்.

"தள்ளி உக்காருங்க," என்றாள். "அந்த மிட்டாய் இருக்கா?"