தானாக ஓடும் பம்பு

சுதந்திர நாளான மெர்டேக்காவுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் கஜா பெராங் சாலையில் மழையில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தன. சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையின் பங்களாவைச் சோலையப்பச் செட்டியார் வாங்கியிருந்தார். பின்கட்டில் நீச்சல் குளம். தினமும் பம்பு போட்டுத் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருந்த ஆள் துரை போன கையோடு நின்றுவிட்டான். குளம் பாசி பிடித்துப் பச்சைப்பயறு வேகவைத்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது.

"ஆளே வேணாம் செட்டியார். பம்பத் தானா ஓட வைக்கிறேன்," என்றான் எலக்ட்ரீஷியன் தேவதாஸ்.

அவனுக்கு அந்த வேலை வேண்டும். பவர் ஹவுஸில் இரவு ஷிப்டை உதறிவிட்டு வந்தவன். பகலில் தூக்கம் வராது, ராத்திரியில் கண் திறக்காது. அப்படியே சில வருஷம் ஓடியது போதும் என்றாகிவிட்டது. "போ, போ. தீபாவளிக்குள்ள திரும்பி வந்து நிப்ப," என்று ஃபோர்மேன் தம்பிராஜா சிரித்தே அனுப்பினார். ஒப்படைக்க வேண்டிய காக்கிச் சட்டை இன்னும் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. தேவைப்பட்டாலும் படலாம்.

தெருவிளக்குக்குப் போடும் பழைய சாவிக் கடிகாரம் ஒன்றைப் பிடித்தான். காலையில் ஒரு முள் சுவிட்சைத் தள்ளிப் போடும், மத்தியானம் இன்னொன்று அணைக்கும். பம்பு மோட்டாரின் கரண்டை அந்தச் சின்ன சுவிட்ச் தாங்காது. அதனால் நடுவே ஒரு காந்த சுவிட்ச். மோட்டார் திணறினால் தானே விழுந்து கரண்டை வெட்டிவிடும் காப்பு ஒன்றும் அதோடு.

"ஒரு வாரம் யாரும் கை வைக்காம ஓடட்டும்," என்றார் செட்டியார். "ஓடுனா பண்டார் ஹிலிர்ல என் கடை வரிசை மொத்தமும் நீதான் ஒயரிங். நின்னுச்சா, நான் ஆளையே வச்சுக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் செட்டியாரின் டிரைவர் தியாகு புக்கிட் பாருவில் தேவதாஸின் வீட்டுக்கே வந்துவிட்டான். "அண்ணே, உங்க கடிகாரம் படுத்திருச்சு. பெரியவர் கத்துறாரு."

வழி நெடுக தேவதாஸ் ஒயரை ஒவ்வொன்றாக மனதுக்குள் கட்டிப் பார்த்தான். எங்கே தப்பு விட்டேன்? இல்லை, இந்தப் பழைய கடிகாரத்தை நம்பியதே தப்பா? ஆணியில் தொங்கும் சட்டை கண் முன்னால் வந்து நின்றது.

"தெருவிளக்குக் கடிகாரத்தக் கொண்டாந்து என் தலையில கட்டிட்டியே!" வாசலிலேயே பிடித்துக்கொண்டார் செட்டியார்.

தேவதாஸ் நேரே பின்கட்டுக்குப் போய்க் கடிகாரப் பெட்டியைத் திறந்தான். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. முள் சுவிட்சைச் சரியாகத் தள்ளியிருந்தது. விழுந்திருந்தது காப்புதான். தூக்கிவிட்டான். மோட்டார் உறுமிவிட்டு மறுபடி நின்றது. மெயினை அணைத்து மோட்டார்த் தண்டைக் கையால் திருகினான். அசையவில்லை.

பம்புக்கு முன்னால் குப்பை பிடிக்கும் கூடையைக் கழற்றினான். ஓரம் கிழிந்திருந்தது. உள்ளே பழுப்புச் சேறு, பளபளவென்று எண்ணெய். முகர்ந்தான். சீயக்காய். பம்புச் சக்கரத்துக்குள் விரலை விட்டதும் நாராக வந்தது: உடம்பு தேய்க்கும் பீர்க்கங்கூடு.

ஒயரிலும் தப்பில்லை, கடிகாரத்திலும் தப்பில்லை. தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

"என்னப்பா சிரிக்கிறே?"

"செட்டியார், இதுல யாரு எண்ணெய் தேச்சுக் குளிச்சது?"

செட்டியார் வேலியைப் பார்த்தார். அடுப்படிப் பக்கமிருந்து அவர் மனைவி நாச்சியம்மை ஆச்சியின் குரல் வந்தது.

"நேத்து சனிக்கிழமையில்ல? இவுகளும் எங்கண்ணனும் வழிய வழிய எண்ணெயப் பூசிக்கிட்டு எறங்குனாக. மணிக்கணக்கா முதுகு தேச்சாக. இது துரை வச்ச குளம், ஊருணி இல்லேன்னு சொன்னேன். யாரு கேட்டா?"

"இம்புட்டுத் தண்ணி இருக்கே, எதுக்கு வாளியில மொள்ளணும்னு..." செட்டியார் குரல் இறங்கிப் போயிருந்தது.

"ஊர்ல இருக்குற கரண்டெல்லாம் வந்தாலும் உங்க முதுகு அழுக்க இழுக்காது செட்டியார்."

ஆச்சி வாய்விட்டுச் சிரித்தாள். தியாகு சிரிப்பை மறைக்கத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

தேவதாஸ் நாரை உருவி, கூடையைக் கழுவி, கிழிசலுக்குக் கம்பி வலை வைத்துக் கட்டி மாட்டினான். மெயினைப் போட்டுக் காப்பைத் தூக்கினான். டக். பம்பு உறுமி, சத்தம் நிதானமானது. குளத்து ஓரத்துக் குழாயில் தண்ணீர் திமுதிமுவென்று கொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றான்.

"அந்த ஒரு வாரக் கணக்கு?" என்று கேட்டான்.

"கெடுத்தது நான்தானே. அத விடு. நாளைக்குக் கடைக்கு வா," என்றார் செட்டியார்.

மறுநாள் பண்டார் ஹிலிருக்குப் போகிற வழியில் பவர் ஹவுஸ் வாசலில் சைக்கிளை நிறுத்தினான். தம்பிராஜா வெளியே வந்தார்.

"வந்துட்டியா! நான்தான் சொன்னேனே."

"சட்டை கொடுக்க வந்தேன்," என்று அதை அவர் கையில் வைத்துவிட்டு ஏறி மிதித்தான்.