டம்ளரின் அடி தெரிய வேண்டும்

தொழிற்சாலை கேன்டீனில் அவளுக்கு ‘இன்னொரு கரண்டி’ என்றுதான் பெயர். போதும் போதும் என்று தட்டுக்குக் குறுக்கே கையை வைத்தாலும் விடமாட்டாள், விரலுக்கு மேலேயே ஊற்றிவிடுவாள். “சாப்பிடத்தானேய்யா இந்தப் பாடு படறோம்” என்பாள். ஊருக்கெல்லாம் அள்ளிப் போட்ட அந்தக் கையால், கட்டின புருஷனுக்கு ஒரு வாய் சோறு இறங்க வைக்க முடியவில்லை என்றால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு வாய் சாப்பிட்டதும் எழுந்து நிற்பார், தோளைக் குலுக்குவார், மேலே தண்ணீரைக் குடித்துத் தள்ளிப் பார்ப்பார். இறங்கினால் உண்டு, இல்லாவிட்டால் பாத்ரூமுக்கு ஓட்டம். “என் சமையல் உங்களுக்குக் கசக்குதாக்கும்” என்று அவள் ரொம்ப நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஆள் எலும்பும் தோலுமான பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். உணவுக்குழாயின் அடியில் ஒரு தசை வளையம் இருக்கிறதாம். சோறு வந்தால் அது தளர்ந்து வழிவிட வேண்டுமாம். இவருக்கு அது இறுகிக் கிடந்தது.

“பிரேக் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது, அவ்வளவுதான்” என்றார் அவர்.

ஆபரேஷனை அவருடைய இதயம் தாங்காது. அதனால் லேசாக மயக்கம் கொடுத்து, வாய்வழியாகக் குழாய் விட்டு, அந்தத் தசையிலேயே ஊசி போட்டார்கள். தசையைத் தளர்த்துகிற மருந்து. நடிகைகள் முகச்சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்கிற அதே சரக்கு என்று கேன்டீனில் யாரோ சொல்ல, வீட்டில் வந்து ஒப்பித்தாள். “அப்போ நான் உள்ளுக்குள்ள மட்டும் அழகா இருக்கேன்னு சொல்லு” என்றார். அந்த வாய் மட்டும் அடங்கியதே இல்லை.

முதல் ஊசிக்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருஷம் அவர் மனுஷனைப் போலச் சாப்பிட்டார். அவள் அடுப்படியிலிருந்தே “உப்பு சரியா இருக்கா?” என்று கேட்பாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற கேள்விதான். வாய் நிறையச் சோற்றோடு அவர் “ம்” என்பார். அந்த ஒரு ‘ம்’முக்காகத்தான் அவள் சமைத்தாள் என்றே சொல்லலாம். இரண்டாவது ஊசி அதில் பாதி நாள்கூட வரவில்லை. இப்போது மூன்றாவது.

“இதுவும் கேக்கலன்னா வயித்துல துளை போட்டு குழாய் வெக்கறதைத் தவிர வேற வழியில்லம்மா” என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார்.

நர்ஸ் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னாள். “ஊசிக்கு முன்னாடி ரெண்டு நாள் வெறும் தண்ணி, இளநீர், அந்த மாதிரிதான். டம்ளர்ல ஊத்தினா அடி தெரியணும். உள்ள ஏதாச்சும் தேங்கி நின்னா, மயக்கத்துல நுரையீரலுக்குப் போயிடும்.” அவளும் தலையை ஆட்டினாள். ஆட்டினாளே தவிர, காதில் விழுந்தது மனசில் ஏறவில்லை.

முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். இரண்டாம் நாள் சாயங்காலம் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தாள். அவ்வளவுதான், நேரே அடுப்படிக்குப் போனாள். கொஞ்சம் சோறும் காரட்டும் வெண்ணெயும் போட்டு வேகவைத்து, மிக்ஸியில் மைய அடித்தாள். கேன்டீனில் பல் கட்டின பெரிய மேஸ்திரிக்குச் செய்து கொடுக்கிற பக்குவம் அது. வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டி, கரண்டியைச் சாய்த்துப் பார்த்தாள். தண்ணீராக ஓடியது. அவள் தொழிலில் கரண்டியிலிருந்து ஓடினால் அது தண்ணீர்தான்.

அவர் டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“அடி தெரியலையே.”

“எல்லாம் வடிகட்டியாச்சு. நாளைக்கு ஊசி தாங்கறதுக்கு உடம்புல தெம்பு வேணாமா? கண்ணை மூடிக்கிட்டு குடிங்க.”

அவளுடைய முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்தார். அவள் கேட்காமலேயே “உப்பு சரியா இருக்கு” என்றார்.

மறுநாள் காலையில் நர்ஸ், “தண்ணியைத் தவிர வேற ஏதாச்சும் குடிச்சீங்களா?” என்று கேட்டாள். “இல்ல” என்றார் அவர். பக்கத்தில்தான் அவள் நின்றாள். சொன்னால் ஊசியைத் தள்ளிப்போடுவார்கள், தள்ளிப்போட்டால் இன்னும் பட்டினி கிடப்பார். அதனால் வாயைத் திறக்கவில்லை. அட பாவி மகளே, அந்த ஒரு நிமிஷம் வாயைத் திறந்திருக்கக் கூடாதா!

அவரை உள்ளே கொண்டுபோனார்கள். போன வேகத்திலேயே டாக்டர் வெளியே வந்தார். குழாயை இறக்கும்போதே தேங்கிக் கிடந்தது பொங்கி மேலே வந்து மூச்சுக்குழலில் இறங்கிவிட்டதாம். ஊசி போடவே இல்லை.

நிமோனியா வந்தது. பிழைப்பாரா என்றே ரொம்ப நாள் தெரியவில்லை. அவர் கண் விழித்ததும் டாக்டர் கட்டிலருகில் நின்று, “அன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க? யார் குடுத்தது?” என்று கேட்டார்.

அவர் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கினார். “நான்தான் சார். பசி தாங்கல. அவ குளிக்கப் போயிருந்தப்போ எடுத்துக் குடிச்சிட்டேன்.”

டாக்டர் அவரைக் காய்ச்சி எடுத்தார். “இல்ல டாக்டர், நான்…” என்று அவள் ஆரம்பிக்க, அவர் போர்வைக்குள்ளிருந்து அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினார். அந்த எலும்புக் கைக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ. அவள் அழுதாள்.

இனிமேல் மயக்கம் கொடுக்கிற பேச்சுக்கே இடமில்லை, நுரையீரல் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். ஊசிக் கதை அத்தோடு முடிந்தது. அந்த இடத்துக்கு மட்டும் மரத்துப்போகிற மருந்தைச் செலுத்தி, வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முதல் நாள் அவள் அதே சோறும் காரட்டும் மைய அடித்து, அதே துணியில் வடிகட்டினாள். குழாயின் நுனியில் புனல் மாதிரி சிரிஞ்சைச் சொருகி, உயரத் தூக்கிப் பிடித்து ஊற்றினாள். நாக்கைத் தொடாமல், பல்லைத் தொடாமல், அது நேராக வயிற்றுக்குப் போனது. அவர் அது இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பழக்க தோஷம், அவள் அதை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

“உப்பு சரியா இருக்கா?” என்று அவர் கேட்டார்.

“ம்” என்றாள். அன்றைக்கு அவள் உப்பே போட்டிருக்கவில்லை.