மணலில் முன்னே போன தடம்

அண்ணன் லாயிட் செத்த காரின் இன்ஜினையே அண்ணி லோர்னா மணல்மேட்டில் ஓட்டும் தன் வண்டியில் மாட்டியது வெண்டெலுக்குத் துளியும் பிடிக்கவில்லை. இந்த வண்டியின் கியர்பாக்ஸுக்கு இன்ஜின் எதிர்ப்பக்கம் சுற்றியாக வேண்டும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டை மாற்றி அதையும் சாதித்துவிட்டாள்.

"தலைகீழா சுத்துனா செத்தவன் எந்திரிச்சு வந்துருவானா அண்ணி?"

"வாயை மூடிட்டு ஏறுடா."

மொஹாவி பாலைவனத்தில் காற்றே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் வெண்டெல் திரும்பிப் பார்த்தான். வந்த வழியில் டயர்த் தடமே இல்லை. முன்னால்தான் இருந்தது. லாயிட் செத்த நெடுஞ்சாலை வளைவிலிருந்து நீண்டு வந்த புதுத்தடம், வண்டி ஏற ஏற அழிந்துகொண்டிருந்தது.

"பிரேக்கை மிதிங்க அண்ணி!"

"மிதிச்சுட்டுத்தாண்டா இருக்கேன்."